பட்டன் ஸ்டார்ட்

ஓடாத வண்டியோடு வந்த பெரியவரைவிட, கூட வந்த இளைஞனைப் பார்த்துத்தான் கம்பம் மெக்கானிக் ஷேக் மைதீன் பயந்தார்.

பெரியவர் அய்யாத்துரையாவது கத்தித் தீர்த்துக்கொண்டிருந்தார். அவருடைய தம்பி மகன் வைகுண்டராஜ் வாயே திறக்கவில்லை. இரவெல்லாம் தூங்காமல் சிவந்த கண்களோடு, மெக்கானிக்கின் விரல்களையே வெறித்தபடி நின்றான்.

“பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நல்லா ஓடியாந்த வண்டி பாய். நா உள்ள போயி டைம் கீப்பர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாரதுக்குள்ள, பட்டன அமுக்குனா பொணம் கணக்கா கெடக்கு,” என்றார் அய்யாத்துரை.

போடியில் ஏலக்காய் வியாபாரம் அவருக்கு. துறைமுக ஏலத்தில் எடுத்த ஜப்பான் மோட்டார் சைக்கிள் அது. காலால் உதைக்க லீவரே கிடையாது. கம்பம் பக்கம் அப்படி ஒரு வண்டியை அதுவரை யாரும் பார்த்ததில்லை. ஆனால் மலைக்குக் கூலியாட்களை ஏற்றிப் போகும் ஜீப்புகளின் ஸ்டார்ட்டரை இருபது வருஷமாகப் பிரித்து மாட்டிய கை மைதீனுடையது.

ஹாரனை அமுக்கினார், அலறியது. விளக்கைப் போட்டார், பளிச்சென்று எரிந்தது. பேட்டரியில் குறையில்லை. சீட்டைத் தூக்கினார். அடியில் துண்டில் சுற்றிச் செருகியிருந்த ஏதோ ஒன்று நழுவி, ‘ணங்’கென்று தரையில் விழுந்தது.

துணி விலகியது. புதிதாகத் தீட்டிய வெட்டரிவாள்.

“அத அந்தாக்குல வைங்க. வண்டியப் பாருங்க,” என்றார் அய்யாத்துரை, குடையை ஓரமாக வைக்கச் சொல்வதுபோல.

மைதீன் அதைக் காலால் ஓரமாக ஒதுக்கினார். “எந்தூருக்கு மொதலாளி?”

“குமுளிக்கு. இவன் தங்கச்சி சொர்ணலதா எவனோ ஒருத்தன் கூட பஸ் ஏறிட்டா. பதினோரு மணிக்கு அங்கன கோட்டயம் வண்டி. அதுல ஏறிட்டா கைக்குச் சிக்க மாட்டா.” அவர் வைகுண்டராஜின் தோளைத் தட்டினார். “எந்தம்பி உசுரோட இல்ல. கூடப் பொறந்தவன் இவந்தான். இவன் கையாலதான் முடியணும்.”

வைகுண்டராஜ் நிமிர்ந்து மணி பார்த்தான்.

சுவர்க் கடிகாரத்தில் பத்தாக ஐந்து நிமிஷம் இருந்தது. மலைப்பாதையையும் சேர்த்தால் குமுளிக்கு நாற்பது நிமிஷ ஓட்டம். மைதீன் குனிந்து சீட்டுக்கு அடியில் கையை விட்டார். கோளாறு உடனே அகப்பட்டது. பட்டனிலிருந்து, ஸ்டார்ட்டருக்குக் கரண்ட் விடும் ரிலேக்கு வருகிற மெல்லிய வயர் இரண்டாகக் கிடந்தது. தேய்ந்து அற்றுப்போனதல்ல, பிளேடு போட்டதுபோல் சுத்தமான வெட்டு. முறுக்கிவிட்டால் இரண்டே நிமிஷம், வண்டி கிளம்பிவிடும்.

உள்ளங்கையால் அதை மூடிக்கொண்டார். இவர்களை ஏமாற்றியது தெரிந்தால் கடையும் மிஞ்சாது, கையும் மிஞ்சாது. ஆனாலும் வாய் தானாகச் சொன்னது.

“ஸ்டார்ட்டர் மோட்டாருக்குள்ள கார்பன் தேஞ்சு போச்சு மொதலாளி. கழட்டித்தான் பாக்கணும்.”

“ஏலே, போயி வாடகைக் காரு ஏதும் நிக்குதான்னு பாரு,” என்று விரட்டினார் அய்யாத்துரை. போன வேகத்தில் திரும்பி வந்தான் வைகுண்டராஜ். “ஒண்ணும் இல்ல பெரியப்பா. முகூர்த்த நாளு.”

மைதீன் ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றினார். கழன்றதைத் துடைத்தார். துடைத்ததை மறுபடி துடைத்தார். அந்தச் சிவந்த கண்கள் அவர் விரல்களை விட்டு நகரவில்லை. எல்லாம் தெரிந்துகொண்டு நிற்கிறானோ என்று மைதீனுக்குச் சந்தேகம் வந்தது.

“ஏம் பாய், தள்ளி விட்டா ஓடாதா?” என்று திடீரென்று கேட்டார் அய்யாத்துரை.

மைதீனின் கையிலிருந்த ஸ்பேனர் நின்றது. அவர் ஒரு பொய்யைத் தேடினார். அதற்குள் வைகுண்டராஜ் முந்திக்கொண்டான்.

“இது சப்பான் வண்டி பெரியப்பா. தள்ளுனா கியர் பெட்டி ஒடஞ்சிரும்.”

எந்தக் கியர் வண்டியும் தள்ளினால் ஓடும். வண்டி ஓட்டுகிறவனுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று மைதீன் மனசுக்குள் அல்லாவுக்கு நன்றி சொன்னார்.

பத்தே காலுக்கு அய்யாத்துரை எழுந்தார். “தொண்ட காயுது. எதுத்தாப்புல ஒரு சோடா குடிச்சிட்டு வாரேன். நீ வண்டிய விட்டு நகராத.”

அவர் ரோட்டைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வைகுண்டராஜ் மைதீனுக்கு எதிரே குந்தினான். தரையில் கிடந்த அரிவாளைக் கையில் எடுத்தான்.

“வயரு அறுந்து கெடக்கறத அப்பவே பாத்துட்டீக, இல்ல பாய்?”

மைதீன் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

“பாத்தும் ஏன் மாட்டல?”

இனி மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. “யாரு பெத்த புள்ளையோ, பொழச்சுப் போகட்டும் தம்பி,” என்றார். “என்னய வேணும்னா வெட்டிக்க. அந்த வண்டிய என் கையால கெளப்பி விட மாட்டேன்.”

வைகுண்டராஜ் அரிவாளைத் துண்டில் சுற்றினான். சுற்றி முடிக்கும்வரை நிமிரவில்லை. பிறகு எதிர்க்கடையை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, மைதீனின் காதருகே குனிந்தான்.

“இன்னும் கால் மணி நேரம் இழுத்துருங்க பாய். அறுத்ததே நாந்தான்.”