இரண்டு விரல் உயரம்

வேகமாகப் பறக்கிற ஒரு சிவப்புக் காருக்கு, கடையில் தனியாக வாங்கிய புது ஸ்பிரிங்கை முன்பக்கம் மாட்டினார்கள். வந்ததும் வராததுமாக அது காரைத் தரையோடு தாழ்த்திவிட்டது.

"பார்த்தீங்களா டயரண்ணே, இப்பதான் வண்டி பதுங்கின புலி மாதிரி இருக்கு! வளைவுல சாயவே சாயாது," என்று பக்கத்து டயரிடம் பெருமையடித்தது ஸ்பிரிங்.

"சாயாதுதான் தம்பி. ஆனா மட்கார்டு என் தலைக்குக் கிட்ட வந்துடுச்சே."

"மெக்கானிக் ஓட்டிப் பார்த்தாரே, உரசலையே!"

"அவர் ஒத்தை ஆளா ஓட்டினாரு, ராசா."

ஞாயிற்றுக்கிழமை வண்டிக்காரம்மா, அவள் புருஷன், இரண்டு பிள்ளைகள், ஒரு மூட்டை அரிசி எல்லாம் ஏறியாச்சு. முதல் திருப்பத்திலேயே மட்கார்டு டயரைச் சரக்கென்று சீவியது.

"ஐயோ, இன்னும் நாலு திருப்பம் போனா நான் கிழிஞ்சேன்!" என்று டயர் அலறியது.

சத்தம் கேட்ட வண்டிக்காரம்மா நேராகப் பட்டறைக்கு விட்டாள். மெக்கானிக் ஸ்பிரிங்கின் அடிவளையத்தைத் திருகி, வண்டியை இரண்டு விரல் உயரம் ஏற்றினார். இந்தத் தடவை எல்லாரையும், அரிசி மூட்டையையும் ஏற்றிக்கொண்டுதான் ஓட்டிப் பார்த்தார். உரசவில்லை.

பதுங்கின புலி போச்சே என்று ஸ்பிரிங்குக்கு முகம் தொங்கிப்போனது.

திரும்பும் வழியில் பெரிய வளைவு வந்தது. ஸ்பிரிங் இறுக்கிப் பிடித்தது. வண்டி சாயவில்லை. பின்சீட்டில் தூங்கின சின்னது முழிக்கக்கூட இல்லை.

ஸ்பிரிங்குக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அண்ணே, இப்பவும் வண்டி புலி மாதிரி இருக்கா?"

"அது தெரியாதுப்பா. நான் கிழியாம உருண்டையா இருக்கேன்," என்றது டயர், உருண்டுகொண்டே.