தண்டச் செலவு

"நீச்சல் போட்டிக்கு வெளியூர் போகணுமாம். நான் என்ன நோட்டு அடிக்கிற மெஷினா வெச்சிருக்கேன்?"

அப்பா ஆரம்பித்துவிட்டார். நாளைக்குள் பணம் கட்டாவிட்டால் அணியில் பதினாறு வயது மகளின் பெயர் இருக்காது. அவளுக்கு அந்த ஒரே கவலைதான்.

அப்பா வங்கியில் கடன் அதிகாரி. கடன் கேட்டு வருகிறவர்களின் கணக்கைக் குடைந்து, தண்டச் செலவுகளுக்குச் சிவப்பு மையில் வட்டம் போட்டு, நாலு பேர் முன்னால் வெளுத்து வாங்குவார். அதில் அவருக்கு அப்படி ஒரு ஆனந்தம். வீட்டிலும் அதே ஜம்பம்தான்.

பிள்ளைகளுக்குக் குடும்பக் கஷ்டம் தெரிய வேண்டுமாம். தன் வங்கிக் கணக்கின் மூன்று மாத விவரத்தை அச்செடுத்து வந்து மேஜையில் போட்டார். சிவப்புப் பேனாவை அவள் கையில் திணித்தார்.

"எதெல்லாம் தண்டமோ, நீயே வட்டம் போடு. அப்பவாவது புத்தி வருதான்னு பார்ப்போம்."

பிறகு சோபாவில் சாய்ந்துகொண்டு, தான் கிழிந்த செருப்போடு படிக்கப் போன கதையை எடுத்துவிட்டார். கேட்க ஆள் கிடைத்தால் அவருக்கு நிறுத்தத் தெரியாது.

மகள் வரி வரியாகப் படித்தாள். வாடகை, மின்சாரம், தம்பியின் பள்ளிக் கட்டணம். நீச்சல் வகுப்பு வந்த இடத்தில் அவளே வட்டம் போட்டாள். அடுத்த பக்கம் திருப்பினாள். அதற்குப் பிறகு பேனா நிற்கவே இல்லை.

அப்பாவுக்கு ஏகப் பெருமை. "இப்பத்தான் உறைக்குது, இல்ல?" என்றபடி தாள்களை வாங்கினார்.

ஊரார் கணக்கையே துருவிப் பழகிய மனுஷன், தன் கணக்கை ஒரு தடவைகூடப் புரட்டிப் பார்க்காமல் கொடுத்திருந்தார். பக்கத்துக்குப் பக்கம் வட்டம். மொத்தம் நாற்பத்தேழு. நீச்சல் வகுப்பு போக, மற்ற எல்லாவற்றுக்குள்ளும் ஒரே பெயர், ஆன்லைன் ரம்மி.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. சும்மா பொழுதுபோக்குக்கு, ஆபீஸில் எல்லோரும்தான் ஆடுகிறார்கள் என்று ஏதோ முனகினார்.

மகள் பேனாவை மூடி வைத்தாள்.

"நான் போட்டிக்குப் போகலப்பா. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. வீட்டுச் செலவுக்குப் பத்தலைன்னு அம்மா ஆஸ்பத்திரியில ரெண்டாவது ஷிஃப்டும் பார்க்கிறாங்களே, அது இதுக்குத்தானா?"