வெளுத்த துளி

தன் ரத்தம் வெளுத்திருக்க வேண்டும் என்று மாரியம்மனை வேண்டிக்கொண்டு, டயகமத் தேயிலைத் தோட்டமொன்றின் மருந்துக் காம்பராவில் வரிசையில் நின்றாள் வேலாயி.

கொழுந்துக் கூடையோடு செங்குத்து மலை ஏறி இறங்கியதில் இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே கலைந்துவிட்டன. இது மூன்றாவது. ஆறாம் மாதம்.

கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில் தொட்டில் ஆட்ட ஓர் ஆள் தேவைப்பட்டது. உட்கார்ந்து செய்கிற வேலை தோட்டத்தில் அது ஒன்றுதான்.

பிள்ளைத்தாச்சி என்று சொன்னால் கிடைக்காது. யாருக்கு ரத்தம் மிகவும் குறைவோ அவளுக்கே என்பது தோட்டத்துத் துரையின் உத்தரவு.

மருந்து ஐயா செல்லசாமி ஒவ்வொருத்தி விரலிலும் ஊசியால் குத்தினார். பிதுங்கிய துளியைத் துண்டு ஒற்றுத்தாளில் ஒற்றி, அவள் கையிலேயே கொடுத்தார். ஈரப் பளபளப்பு போனதும் நிற அட்டையோடு வைத்துப் பார்ப்பாராம்.

"ரத்தத்துல பாதிக்கு மேல வெறும் மஞ்சத் தண்ணிதான். செவப்பு இருந்தாத்தான் மூச்சுக் காத்தை ஒடம்பெல்லாம் சுமந்துக்கிட்டுப் போகும்," என்றார் யாருக்கோ.

வேலாயி தன் தாளைப் பார்த்தாள். துளி செம்பருத்தியாய்ச் சிவந்திருந்தது.

கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

பின்னால் நின்ற பூரணி எட்டிப் பார்த்தாள். லய வீட்டு வரிசையில் வேலாயிக்கு அடுத்த காம்பராக்காரி. புருஷன் போனபின் தனியாள். யாரையும் கேலி பேசாமல் அவளுக்குப் பொழுது போகாது.

"என்னாடி, வெத்தலயத் துப்பி வச்ச மாதிரி இருக்கு! குடு, நான் ஊதிக் காய வைக்கிறேன்."

வாங்கி, முந்தானை மறைவில் ஊதி, திருப்பிக் கொடுத்தாள்.

வேலாயி திகைத்தாள். துளி வெளிறிக் கிடந்தது, கழுவிவிட்ட கறை போல. எச்சில் தொட்டுத் தேய்த்திருப்பாள், கெட்டிக்காரி.

மருந்து ஐயா அட்டையோடு அதை வைத்துப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். முகம் மாறியது.

"ஏம்மா, இந்த ரத்தத்தை வச்சிக்கிட்டா இத்தன நாள் மலை ஏறுன? இன்னும் ஏறுனா நெஞ்சு நின்னுரும்மா."

சிரிப்பு வந்துவிடுமோ என்று வேலாயி தலையைக் குனிந்துகொண்டாள். அட்டையில் அதைவிட வெளிறிய நிறம் இல்லை; தொட்டில் வேலை அவளுக்கென்று ஆனது.

அடுத்து பூரணி தன் தாளை நீட்டினாள்.

"ஒனக்கென்ன, நல்ல ரத்தம். மலைக்குப் போ."

பிள்ளைக் காம்பரா வாசல்வரை இருவரும் சேர்ந்தே நடந்தார்கள். வேலாயி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, அந்த மாரியாத்தாவே ஒங்கள அனுப்பிருக்கா. எச்சி தொட்டா அம்புட்டு வெளுத்துருமா?"

"எச்சி தொட்டா ஊறிப் பரவிரும்டி, ஐயா கண்டுபுடிச்சிருவாரு," என்றாள் பூரணி, கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டே. "தாளத்தான் மாத்துனேன். உள்ள போ, புள்ளைங்க அழுவுதுங்க."

அவள் மலைப்பாதையில் ஏறத் தொடங்கினாள்.

கொஞ்சதூரம் போனதும் ஒரு தேயிலைச் செடியைப் பற்றிக்கொண்டு நின்றாள். ஒரு கை நெஞ்சில் இருந்தது. வெகுநேரம் அப்படியே நின்றாள்.

கூப்பிட்டுவிட வேண்டும். ஐயாவிடம் ஓடிப்போய் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். வேலாயி வாயைத் திறந்தாள்.

வயிற்றுக்குள் பிள்ளை புரண்டது.

கதவைப் பிடித்தபடியே அவள் நின்றாள். மேலே, பூரணி மறுபடியும் ஏறத் தொடங்கியிருந்தாள்.