மூச்சைப் பிடித்த பிரேக் கட்டை

அற்புதம் டீச்சரின் சைக்கிளில் பிரேக் கட்டை தேய்ந்து தகடாகிவிட்டது. ஆனால் மாதா மாதம் சோதனையின்போது மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தைக் கவ்வும். மெக்கானிக்கும் "நல்லாத்தான் பிடிக்குது" என்று விட்டுவிடுவார்.

"எத்தனை நாளைக்கு ஏமாத்துவே?" என்றது சைக்கிள் மணி.

"கழட்டினா குப்பைக்குத்தானே போவேன்?" என்றது கட்டை.

இந்த மாதம் டீச்சர் ஒரு குட்டி இருக்கையோடு வந்தார். "பாப்பாவையும் கூட்டிட்டுப் போகணும். முன்னாடி மாட்டிக் குடுங்கண்ணே."

மாட்டி முடித்த மெக்கானிக், வழக்கம்போல பிரேக்கை அழுத்திப் பார்த்தார். கட்டை வேண்டுமென்றே வழுக்கியது.

"சனியன், திடீர்னு கைவிட்டுடுச்சே!" என்று திட்டிக்கொண்டே அதைக் கழற்றி எறிந்தார்.

குப்பைக் கூடையில் விழுந்த கட்டை, அவர் மாட்டிய புதுக் கட்டையின் தடிமனைப் பார்த்தது. பிறகுதான் மூச்சு விட்டது.