மாமனாரின் சிவப்புப் பூ

மாமனார் தன் கையாலேயே மகரந்தம் சேர்த்து உருவாக்கிய சிவப்பு குளோக்சினியா பூச்செடி அது. "உலகத்துலயே இந்த ரகம் ஒண்ணுதாம்மா இருக்கு, பத்திரம்" என்று மருமகளிடம் சொல்லிவிட்டு ஊருக்குப் போனவர், இன்று சாயங்காலம் திரும்புகிறார். செடியோ இலையெல்லாம் கருகிச் சரிந்து கிடந்தது.

செடி செத்துவிட்டது என்று அவள் முடிவுகட்டினாள். அதைக் கிழங்கோடு பிடுங்கிக் குப்பைத்தொட்டியில் எறிந்துவிட்டு, காலிப் பூந்தொட்டியோடு தெருமுனைச் செடிக்கடைக்கு ஓடினாள்.

"இதுல வைக்க ஒரு சிவப்பு குளோக்சினியா... எதுவா இருந்தாலும் பரவால்ல. சீக்கிரம்ண்ணே!" தொட்டியை அவர் முன்னால் நீட்டினாள்.

கடைக்காரர் தொட்டியைப் பார்த்ததுமே உள்ளே போய், பூத்த செடி ஒன்றைக் கொண்டுவந்தார். அதே ரத்தச் சிவப்பு, அதே வெள்ளை விளிம்பு. அவளுக்கு இன்னும் பயமாகிவிட்டது.

"இது உங்ககிட்ட எப்படி?"

"உங்க மாமா வருஷா வருஷம் இதே தொட்டியோட, இப்படித்தான் பதறியடிச்சுக்கிட்டு வருவார். 'வீட்ல யாருக்கும் தெரிய வேணாம்'னு வாங்கிட்டுப் போவார்."

"அப்ப அவர் உருவாக்கினேன்னு சொன்னது?"

"அவர் உருவாக்கினதுதாம்மா இது. பூத்து முடிஞ்சா இலை காயும், கிழங்கு மண்ணுக்குள்ள தூங்கும். மகரந்தம் சேர்க்கத் தெரிஞ்ச மனுஷனுக்கு அது தெரியல. செத்துப்போச்சுன்னு குப்பையில போடுவார். நான் எடுத்து வளர்த்து, அடுத்த வருஷம் அவருக்கே வித்துடுவேன்."

சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டினார். "நீங்க எந்தக் குப்பைத்தொட்டியில போட்டீங்க?"