சுடுதண்ணீர்

"மறுபடியும் இருமல். முதல்லேருந்து சொல்லுங்க" என்றார் ஒலிப்பதிவுக்காரர்.

"சரியாத்தானே சொன்னேன்?" என்று விழித்தார் மறை ஓதுகிறவர்.

அவர் மனைவி சுடுதண்ணீர்ச் செம்போடு ஓடி வந்தாள். ஏட்டில் ஏறாமல் வாய்வழியாகவே வந்த மறை அது. இன்று ஒழுங்காக ஓதாவிட்டால் வாய்ப்பு வேறு ஆளுக்குப் போய்விடும்.

"குளிர்ந்த தண்ணி குடிக்காதீங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டீங்களா?" என்று சுடுதண்ணீரை நீட்டினாள்.

"எனக்கு ஒண்ணுமில்லடி" என்று குடித்துவிட்டு ஓதினார். அதே அடி, அதே இருமல்.

ஒலிப்பதிவுக்காரர் அடுத்தவரைக் கூப்பிட்டார். கணவரோடு ஒரே வாத்தியாரிடம் பாடம் கேட்டவர். ஆள் கல்தூண் மாதிரி இருந்தார். கணீரென்று ஓதிக்கொண்டே வந்தவர், அந்த அடி முடிந்ததும் "லொக், லொக்" என்றார்.

"உங்களுக்குமாண்ணே உடம்பு சரியில்ல?" என்றாள் அவள்.

"உடம்புக்கென்னம்மா? பாடம் அப்படி. ஒரு சத்தம்கூட விடக் கூடாதுன்னு வாத்தியார் உத்தரவு."

"பாவம், வாத்தியாருக்கு இருமலா?"

"சேச்சே, அவருக்கு ஒரு தும்மல்கூட வந்ததில்ல. அவரோட வாத்தியாரும் அங்கதான் இருமுவாராம்."

ஒலிப்பதிவுக்காரர் பெருமூச்சு விட்டார். கணவரையே திரும்ப உட்காரவைத்து, "இருமலோடயே சொல்லுங்க" என்றார்.

மிச்சச் சுடுதண்ணீரை அவளே குடித்தாள்.