கால் கழுவும் தொட்டி

மஸாஹிராவுக்குக் கற்பிட்டி இறால் பண்ணைகளில் நீர் பார்க்கும் வேலை. பையில் எப்போதும் சிறிய உருப்பெருக்கி இருக்கும். துளி நீரில் நீந்தும், கண்ணுக்குத் தெரியாத சக்கரப்பூச்சிகளில் அவளுக்குத் தெரியாத இனம் இங்கே இல்லை.

தென்துருவ ஆய்வுக் கப்பலில் சமையல்காரனாக இருந்த தம்பி இல்யாஸ் ஒருமுறை படம் அனுப்பியிருந்தான். “ராத்தா, உங்கட பூச்சிட சொந்தக்காரங்க.” இரத்தச் சிவப்பு. அங்கே இனங்கள் குறைவு. ஆனால் பனி ஏரியில் வாழும் அந்தச் சிவப்பு இனம் வேறெங்கும் இல்லை. சூடு பட்டால் உடனே செத்துவிடும்.

பெருநாளைக்குப் பிறகு இல்யாஸ் பனிக்கடலில் விழுந்தான். மய்யித்து கிடைக்கவில்லை. பள்ளியில் ஜனாஸாத் தொழுகை நடந்தது. அவன் மனைவி ரிஸ்மியா மட்டும், விதவைக்குரிய இத்தா இருக்க மாட்டேன் என்றாள்.

அவளோடு கதைக்க மஸாஹிரா நடுப்பகலில் கண்டக்குழியிலுள்ள அவள் வீட்டுக்குப் போனாள். வாசல் தொட்டியில் நீர் மொண்டு காலில் ஊற்றினாள். குளிரில் கால் விறைத்துப்போனது.

ஒரு துளியை எடுத்து உருப்பெருக்கியில் வைத்தாள். எல்லாம் சிவப்பு. எல்லாம் உயிரோடு நீந்திக்கொண்டிருந்தன.

“ரிஸ்மியா!” என்று கத்தினாள். “இந்தத் தண்ணிய எங்கயிருந்து எடுத்த?”

ரிஸ்மியா வெளியே வந்து, கதவை ஓசையின்றிச் சாத்தினாள்.

“மெல்லக் கதைங்க மதினி. இப்பதான் கால் கழுவிட்டு வந்து படுத்தாரு.”